தொண்ணூற்றொன்பதில் கொதிக்கும் தண்ணீர்

“கொதிக்கறதுக்கும் நல்ல நேரம் பாக்கோணுமாக்கும் உனக்கு?” என்று ஜஹானாரா தண்ணீரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் அலுமினியக் குண்டானில், ஒற்றை அடுப்பின் மேல், எழுபத்தொரு டிகிரியில் இருக்கிறது. வாய் இருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கும். குண்டானின் குறுக்கே ஒரு சைக்கிள் கம்பி. கம்பியின் நடுவில் கண்ணாடித் தெர்மாமீட்டர் கட்டப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில், அடியிலும் ஓரத்திலும் படாமல், போர்வெல் போடும் ரிக் வண்டியொன்றின் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டரிலிருந்து வரும் உலோகக் குமிழ் தொங்குகிறது. தெர்மாமீட்டர் சொல்வதும் மீட்டரின் முள் காட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முள்ளைப் பிடுங்கி, சரியான எண்ணில் வைத்து அழுத்த வேண்டும். வேலை அவ்வளவுதான். இதற்கு ஏன் இத்தனை கோபம் என்று புதுச்சத்திரத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் இருந்திருந்தால், அவர்களைப் பற்றித் தகவல் இல்லை.

கடை சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையின் ஓரத்தில், பஞ்சர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. பலகையில் ‘வாஜித் மீட்டர் ஒர்க்ஸ்’ என்று எழுதியிருக்கும். வாஜித் அவளுடைய கணவர். முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை வரவேற்பது அவர் பொறுப்பு. அதை அவர் குறைவில்லாமல் செய்கிறார். வண்டி ஹீட் ஆகிறது என்று வருகிறவரிடம் ஆமாங்க என்பார். ஹீட்டே ஆகவில்லை, மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று வருகிறவரிடமும் ஆமாங்க என்பார். இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் டீ வாங்கப் போய்விடுவார். எந்தச் சூட்டிலும் முள் நடுவிலேயே நிற்கும்படி படைக்கப்பட்ட மனிதர் அவர். திரைக்குப் பின்னால் வேலை செய்கிற ஜஹானாராவோ வேறு கம்பெனி தயாரிப்பு.

அவளுடைய கோபத்தில் ஒரு விசேஷம் உண்டு. மரியாதை குறையாது. “உங்க தலைக்குள்ள என்னுங்க, கிரீஸுங்களா?” என்று ஐம்பது வயது லாரி டிரைவரைக் கேட்பாள். ‘ங்க’ இருப்பதால் டிரைவருக்கு எந்த இடத்தில் கோபித்துக்கொள்வது என்று தெரியாது. ஏர் ஹாரனுக்கு மேலே கேட்கிற குரல். திட்டு வாங்கியவர்களே மறுமாதம் அடுத்த மீட்டரைக் கொண்டுவந்து, பாயம்மா இன்றைக்கு எப்படி இருக்கிறார்கள் என்று வாஜித்திடம் காதோடு விசாரித்துவிட்டு உள்ளே போகிறார்கள்.

கோபப்படுவதற்கு அவளுக்குக் காரணங்களை நாடே திரட்டிக் கொடுக்கிறது. ஒரு டிரைவர் முள் ஏறுவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது என்று மீட்டர்மேல் சாமி படம் ஒட்டியிருந்தார். இன்னொருவர் ஒயரையே கழற்றிவிட்டு, இப்போது நிம்மதியாகத் தூக்கம் வருகிறது என்றார். தூக்கம் எப்போது வருகிறது என்று ஜஹானாரா கேட்டாள். ஓட்டும்போது என்று அவர் கள்ளமில்லாமல் சொன்னார். மூன்றாமவர் கண்ணாடியில் சிவப்புக் கோடு இருந்த இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டிவிட்டு வந்தார். சிவப்பே இல்லாவிட்டால் முள் எப்படிச் சிவப்புக்குப் போகும்? இந்தத் தர்க்கத்தை மறுக்க ஜஹானாராவுக்கு அரை மணி நேரம் பிடித்தது. அந்த அரை மணியும் பரோட்டாக் கடையில் வியாபாரம் நின்றது. எல்லோரும் இங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“காச்ச வந்தா தெர்மாமீட்டரப் போட்டு ஒடைப்பீங்களா? வண்டிக்குக் காச்சலுங்க. அத வந்து சொல்ற ஒரே ஆளு இந்த முள்ளு. அது வாயையும் கட்டிப்போட்டா, அப்பறம் இஞ்சின் கதறித்தான் சொல்லோணும்.”

அவளுக்கு ஆகாத சொற்கள் இரண்டு. ஒன்று ‘பரவால்ல’. மற்றது ‘அட்ஜஸ்ட்’. இரண்டாவதன் மேலுள்ள பகைக்கு வயது முப்பத்து நாலு. ஜலகண்டாபுரத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே பன்னிரண்டாம் வகுப்புப் படித்தாள். செய்முறைத் தேர்வில் தண்ணீரின் கொதிநிலையை அளந்து எழுதச் சொன்னார்கள். கூட இருந்த முப்பது பேரும் நூறு என்று எழுதினார்கள். அதில் பாதிப் பேர் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஜஹானாரா மூன்று தடவை கொதிக்கவைத்துப் பார்த்து, பாதரசம் நின்ற இடத்தை அப்படியே எழுதினாள். தொண்ணூற்றொன்பது. தேர்வாளர் இரண்டு மார்க் குறைத்தார். கடலை விட்டு மேலே போகப் போகத் தண்ணீர் நூறுக்கு முன்னாலேயே கொதிக்கும், நம் ஊர் ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது, இதே பாடப் புத்தகத்தில்தான் போட்டிருக்கிறது என்று அவள் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். அவர் கனிவோடு சொன்ன பதில் இன்றுவரை அவள் காதில் கொதிக்கிறது: “ஒரு டிகிரிதானேம்மா, அட்ஜஸ்ட் பண்ணி எழுதியிருக்கலாமில்ல?”

அந்த இரண்டு மார்க்குக்குத்தான் நெடுஞ்சாலையில் போகிற வண்டியெல்லாம் இப்போது அனுபவிக்கிறது.

சோதித்துச் சரிபார்த்த ஒவ்வொரு மீட்டரின் கழுத்திலும் ஒரு சிற்றட்டை கட்டித் தருகிறாள். ஜவுளிக்கடைச் சட்டைப் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டை. இடப்பக்கம் தண்ணீரின் சூடு, வலப்பக்கம் முள் காட்டிய சூடு. நாலு வரிகள்: எழுபது, எண்பது, தொண்ணூறு, கடைசியில் கொதிநிலை, அதாவது தொண்ணூற்றொன்பது. கீழே ‘ஜ’ என்று ஒரு கையெழுத்து. அந்தப் பேனாவை வேறு யாரும் தொடக்கூடாது. எழுதி முடித்ததும் மூடியை டப்பென்று மூடி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்வாள். திருச்செங்கோட்டு ரிக் முதலாளிகள் சிலர் வண்டி வாங்கும்போது, அந்த அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலையே பேசுகிறார்கள். அரசு முத்திரை வைத்த தாள்களுக்குக்கூட இந்த மதிப்புக் கிடைப்பதில்லை என்பதை எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் குறிப்பிடலாம்.

பேனாவைப் போலத்தான் குண்டானும், வேறு யாரும் தொடக்கூடாது. ஒருநாள் வாஜித் பசி தாங்காமல் அதில் இரண்டு முட்டை வேகவைத்துவிட்டார். நாமக்கல் பக்கத்துக் கடையில் முட்டை இல்லாமல் இருக்காது, குண்டானும் சும்மாதான் இருந்தது, தண்ணீரும் எப்படியும் கொதிக்கத்தான் போகிறது என்பது அவர் தரப்பு. அன்றிலிருந்து இரவில் குண்டான் பீரோவுக்குள் போய்விடுகிறது. சாவி அவளிடம்.

இப்படிப்பட்ட கடைக்குத்தான் ஒரு வியாழக்கிழமை காலையில் பாலசுந்தரம் வந்தார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு. நாற்பது ரிக் வண்டிகளுக்குச் சொந்தக்காரர். அந்த நாற்பதின் மீட்டர்களும் இந்தக் கடைக்குத்தான் வருகின்றன. உலை எரிவதில் பாதி அவரால்தான் என்று வாஜித் மாதம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவார். போன வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழாம் வருஷத்துக் கார் ஒன்றை ஏலத்தில் எடுத்திருக்கிறார். பச்சை நிறம், பவுன் போல் மின்னும் ஹாரன். சீட்டுக்குத் தோல் கடல் தாண்டி வந்தது. ரேடியேட்டருக்குள் மட்டும் அதை விற்றவர் காலத்துச் சேறு அப்படியே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு யார் செலவழிப்பார்கள்?

அந்தக் காரின் ஹீட் மீட்டரைக் கழற்றி, நூல் போன்ற செம்புக் குழாயும் குமிழுமாக ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்க்காரர்கள் சங்கம் ஊர்வலமாக ஏற்காடு போகிறது. பேரன் பேத்தி இருவரும் பின்சீட்டில் வருகிறார்கள். போட்டோக்காரர் வருகிறார். முள் மட்டும் ஒத்துழைக்க மறுக்கிறது.

“எம்பத்தெட்டு காட்டுது பாய்,” என்றார் வாஜித்திடம். “நம்ம தெருவச் சுத்தி வரதுக்குள்ளயே. போன தடவ பண்ணுனீங்கல்ல, அதே மாதிரி இன்னொரு பத்து எறக்கி அட்ஜஸ்ட் பண்ணீட்டீங்கன்னா நெம்ப உபகாரமா இருக்கும்.”

திரைக்குப் பின்னால் அடுப்பு அணைந்தது. ஜஹானாரா வெளியே வந்தாள். போன தடவை என்பது எந்தத் தடவை? இந்த மீட்டரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. வாஜித் நெடுஞ்சாலையை மிகுந்த ஈடுபாட்டோடு கவனிக்கத் தொடங்கினார்.

மீட்டரின் கழுத்தில் அட்டை தொங்கியது. சட்டைப் பெட்டி அட்டைதான். நாலு வரிகள்தான். எழுபதுக்கு எழுபது, எண்பதுக்கு எண்பது, தொண்ணூறுக்குத் தொண்ணூறு. கீழே ‘ஜ’ கூட இருந்தது. நாலாவது வரியில் மட்டும் நூறுக்கு நூறு என்று எழுதியிருந்தது.

புதுச்சத்திரத்தில் எந்தத் தண்ணீரும் நூறில் கொதித்ததில்லை. அந்த அட்டையை எழுதிய கை அடுப்பையே பற்றவைக்கவில்லை. போன மாதம் தங்கை மகள் அர்ஃபாவின் கல்யாணத்துக்காக அவள் நாலு நாள் ஜலகண்டாபுரத்தில் இருந்தாள். வாஜித் கல்யாணத்தன்று மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டு, கடையைப் பார்க்க வேண்டும் என்று திரும்பினார். கடையை நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்.

அவள் கத்தவில்லை. பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கத்தவில்லை என்பதாலேயே பயந்து உள்ளே போனார். குண்டானையும் அடுப்பையும் முன்கடைக்கே எடுத்து வந்து பெஞ்சின்மேல் வைத்தாள். பாலசுந்தரத்தின் குமிழைக் கம்பியில் தொங்கவிட்டாள். மீட்டரை அவர் கையில் கொடுத்தாள். பிறகு வாஜித்தைத் தெர்மாமீட்டருக்கு முன்னால் நிறுத்தினாள்.

“நீங்க தண்ணியப் படிங்க. அண்ணன் முள்ளப் படிக்கட்டும். சத்தமாப் படிங்க, பஞ்சர் கடைக்குக் கேக்கோணும்.”

கேட்பவருக்குப் பிடிக்காத எண் எதையும் வாஜித் அதுவரை உச்சரித்ததில்லை. இப்போது அவருக்கு முன்னால் பாதரசம் ஏறிக்கொண்டிருந்தது. எழுபது என்றார். பாலசுந்தரம் அறுபது என்றார். எண்பது என்றார். அவர் எழுபது என்றார். தொண்ணூறு என்பதை வாஜித் தாடிக்குள் சொன்னார். மறுபடி சொல்லும்படி ஆயிற்று. எண்பது என்றார் பாலசுந்தரம், குரல் கொஞ்சம் தேய்ந்து. குண்டான் தளதளவென்று கொதித்தது. வாஜித் தொண்ணூற்றொன்பது என்றார். முள் எண்பத்தொன்பதில் நின்றது.

நாற்பது ரிக் முதலாளிக்கு அங்கேதான் ஒரு பிடி கிடைத்தது. “தொண்ணூத்தொம்போதா? கொதிச்சா நூறல்ல அம்மணி? உங்க தெர்மாமீட்டரே கோளாறுங்களே.”

ஜஹானாரா முப்பத்து நாலு வருஷமாக இந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. கடல், மலை, காற்றின் அழுத்தம், பாடப் புத்தகத்தின் பக்க எண் ஆகிய அனைத்தும் அவர்மேல் இறங்கின. கடைசியாக அவளே கணக்கை முடித்து வைத்தாள்.

“எம்பத்தெட்டுன்னு நீங்க பாத்தப்ப உள்ள தண்ணி தொண்ணூத்தெட்டுங்க. கொதிக்கறதுக்கு ஒரே ஒரு டிகிரி. உங்க தெருவுல. சமதரையில. இதுல புள்ளைகளப் பின்னால உக்காத்தி வெச்சு மலை ஏறப் போறீங்க. மேல போகப் போக இன்னும் சீக்கிரமாக் கொதிக்குமுங்க. மொதல்ல ரேடியேட்டரக் கழட்டிச் சேத்த எடுங்க.”

பாலசுந்தரம் வாஜித்தைப் பார்த்தார். வாஜித் குண்டானைப் பார்த்தார். நீங்கள்தானே பாய் மீட்டர் வயசாகிவிட்டது, எஞ்சின் தங்கம் என்று சொன்னீர்கள் என்று அவர் கேட்டார். “நான்தானுங்க,” என்றார் வாஜித். “நீங்க மனசு வருத்தப்பட்டீங்க, அதான்.” உண்மை. பாலசுந்தரம் அதற்கு முன்பே நாலு மெக்கானிக்குகளிடம் போய்விட்டு வந்திருந்தார். நாலு பேரும் காரைச் சுற்றி வந்து, பெயிண்டைப் புகழ்ந்து, மீட்டர்மேல் பழியைப் போட்டிருந்தார்கள். நாற்பது ரிக் வைத்திருப்பவரின் எஞ்சின் கொதிக்கிறது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பணக்காரர்களுக்குச் சூடு தெரிவதே கிடையாது. அதைத் தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சுற்றிலும் ஆள் இருக்கிறது.

ஜஹானாரா முள்ளைப் பிடுங்கினாள். கொதிக்கிற தண்ணீரைப் பார்த்து, தொண்ணூற்றொன்பதில் வைத்து அழுத்தினாள். ஆறவிட்டு மறுபடி சூடேற்றி நாலு எண்களையும் பார்த்தாள். பழைய அட்டையை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, புதிதாக எழுதிக் கட்டினாள். பேனா மூடி டப்பென்றது.

பாலசுந்தரத்துக்கு இப்போது கோபம். ஊர்வலத்தில் தன் பெயர் முதலாவதாக அச்சாகிவிட்டது என்றார். மூன்று நாளில் ரேடியேட்டரைக் கழற்ற முடியாது என்றார். சேலத்தில் வேறு மீட்டர் கடையே இல்லையா, நாற்பது வண்டியும் நாளையே அங்கே போகும் என்றார். வாஜித்தின் முகம் சுண்டியது.

“போகட்டுமுங்க,” என்றாள் ஜஹானாரா. “மலைக்கும் போங்க. நான் தடுக்க முடியுமா? ஆனா இவரையும் முன்சீட்டுல வெச்சுக் கூட்டீட்டுப் போங்க. முள்ளத் திருப்புனவரு முள்ளுக்குப் பக்கத்துல உக்காரட்டும்.”

அவள் தண்டனையாகச் சொன்னாள். பாலசுந்தரமோ யோசித்தார். சங்கத்தில் மற்ற பதினெட்டுக் கார்களில் எதிலும் தனி மீட்டர் மெக்கானிக் வருவதில்லை. பலகையில் பெயர் போட்ட முதலாளியே கூட வருகிறார் என்றால் போட்டோவிலும் எடுப்பாக இருக்கும். “அதுவும் கௌரவந்தான்,” என்றார். கோபம் தணிந்து மீட்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். வாஜித்துக்கு மலைப்பாதை என்றால் தலை சுற்றும் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பெரிய கேன்களில் தண்ணீர் நிரப்பி அவர் இரு கைகளிலும் கொடுத்தாள். மூன்று நாளாக அவரோடு பேசவில்லை. அன்றும் ஒரே ஒரு வாக்கியம்தான். “அவரு சொல்ற நம்பரப் படிக்காதீங்க, முள்ளு காட்டற நம்பரப் படிங்க.”

கடையைத் திறந்து ரிக் மீட்டர் ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டாள். மலை அடிவாரத்திலிருந்து வாஜித் போனில் பேசினார். எண்பத்து மூன்று, எல்லோரும் மாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது வளைவிலிருந்து பேசினார். தொண்ணூறு, அண்ணன் பரவாயில்லை என்கிறார். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் போன் வரவில்லை. அந்த முக்கால் மணியில் ஜஹானாரா தண்ணீரை, அடுப்பை, சேறு பிடித்த ரேடியேட்டர்களை, ஏலம் விடுகிறவர்களை, போட்டோக்காரர்களை, ஏற்காட்டை, அதை அவ்வளவு உயரத்தில் வைத்தவர்களைத் திட்டினாள். ‘ங்க’ போடவில்லை. மீட்டர் கேட்டு வந்த ஒரு டிரைவர் திரும்பி வண்டியில் ஏறிக்கொண்டார்.

போன் அடித்தது. பின்னால் குழந்தைகள் கூச்சலும், புஸ்ஸென்று ஆவி போகிற சத்தமும் கேட்டன. வாஜித்துக்கு மூச்சு வாங்கியது. ஆறாவது வளைவுக்கு முன்னாலேயே நிறுத்துங்கள் என்று சொன்னாராம். அண்ணன் முள் இன்னும் நூறைத் தொடவில்லையே என்று ஏறிக்கொண்டிருந்தாராம். மறுபடி சொல்லிப் பார்த்துவிட்டு, வாஜித் ஓடுகிற காரின் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாராம். கார் ஓடியது நடக்கிற வேகத்தில்தான். ஆனாலும் வைத்தது வாஜித்தின் கால். பிரேக் போட வேண்டியதாயிற்று. பிள்ளைகளை இறக்கி மதிலோரம் தள்ளி நிறுத்திய பிறகு ரேடியேட்டர் மூடி தானாகவே மேலே போனதாம். யாருக்கும் ஒன்றுமில்லை. போட்டோக்காரர் எடுத்துவிட்டார்.

“முள்ளு எவ்வளவு காட்டுச்சுங்க?” என்றாள் ஜஹானாரா.

“நூறு ஆகலீங்க ஜஹானாரா. தொண்ணூத்தேழுதான். ஆனா கொதிச்சிருச்சு. அட்ஜஸ்ட் பண்ணாமச் சொல்றேன், தொண்ணூத்தேழு.”

பின்னணியில் பாலசுந்தரத்தின் குரல் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் தங்கமாம். எல்லாம் இந்த மீட்டர் பண்ணுகிற கோளாறாம். நூறு ஆகாமல் தண்ணீர் எங்கேயாவது கொதிக்குமா என்று கேட்டார். பலர் சிரித்தார்கள்.

ஜஹானாரா போனை வைத்தாள். சட்டைப் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை வெட்டினாள். ‘ஏற்காடு மலை, ஆறாவது வளைவு. தண்ணீர் கொதித்தது. முள் 97’ என்று எழுதினாள். கீழே கையெழுத்துக்கான இடத்தில் ஒன்றும் போடவில்லை. அட்டையை வாஜித்தின் நாற்காலியில் வைத்து, காற்றில் பறக்காமல் அதன்மேல் பேனாவை வைத்தாள். மூடியைக் கழற்றித் திறந்தபடியே வைத்துவிட்டு, உள்ளே போய்த் தண்ணீரைத் திட்ட ஆரம்பித்தாள்.